கழற்றினால்தான் காசு

மோட்டார் சைக்கிள் டயரை நீங்களே வீட்டில் கழற்றியதுண்டா? பெரும்பாலானவர்கள் இல்லை என்றுதான் சொல்வீர்கள். தெருமுனையில் பஞ்சர் கடை இருக்கிறது. கடைக்காரர் இரண்டு லீவரை நுழைத்து ஒரு நெம்பு நெம்புவார். ஆரஞ்சுத் தோல் மாதிரி டயர் கழன்று வரும். அடடா, இவ்ளோதானா என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே உட்கார்ந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். ம்ஹும், அசையாது. இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்குப் பலம் போதவில்லை என்று நினைப்போம். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ரிம்முக்குள் 1890-ம் வருடத்து ரகசியம் ஒன்று இருக்கிறது. தெரிந்தவனுக்கு டயர் கழன்று வரும். தெரியாதவனுக்கு விரல் தோல் கழன்று வரும்.

காற்றடித்த டயரைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் டன்லப் என்போம். பாதிதான் சரி. 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு காப்புரிமை வாங்கிவிட்டார். வயது 23. அப்போது மோட்டார் கிடையாது, இன்று நாம் பார்க்கிற சைக்கிளும் கிடையாது. குதிரை வண்டிக்குத்தான் மாட்டிப் பார்த்தார். உள்ளே ரப்பர் பூசிய துணிக் குழாய், வெளியே தோல். வண்டி அலுங்காமல் ஓடியது. ஆனால், தோலைச் சக்கரத்தோடு சேர்த்து ஏகப்பட்ட போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். ஒரு ஓட்டை விழுந்தால் அத்தனையையும் கழற்ற வேண்டும். யாரும் சீண்டவில்லை. உலகம் அதைச் சுத்தமாக மறந்தே போனது.

நாற்பது வருடம் கழித்து வருகிறார் ஜான் பாய்ட் டன்லப். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். பையனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர் சக்கரத்தில் தடதடவென்று ஓடுவதைப் பார்த்து, 1887-ல் ரப்பர் ஷீட்டைக் குழாயாக ஒட்டிக் காற்றடித்து மாட்டினார். 1888-ல் காப்புரிமை. அடுத்த வருடமே பெல்ஃபாஸ்ட் சைக்கிள் பந்தயத்தில் காற்று டயர்க்காரர் ஜெயிக்க, கம்பெனி ஆரம்பித்தாயிற்று. 1890-ல் இடி விழுந்தது. தாம்சனின் பழைய காகிதத்தை யாரோ தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். டன்லப்பின் உரிமை செல்லாது!

இன்னொரு தலைவலியும் இருந்தது. டன்லப் தன் டயரை ரிம்மில் துணி சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருந்தார். பஞ்சர் என்றால் பிரிக்க வேண்டும், ஒட்ட வேண்டும், மறுபடி சுற்றிப் பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டுகிறவன் கையில் ஒன்றுமே இல்லை.

1889-ல் பிரான்ஸில் கிளர்மான் ஃபெரான் என்கிற ஊரில் இருந்த ரப்பர் பட்டறைக்கு, பஞ்சரான டன்லப் டயரோடு ஒரு சைக்கிள்காரர் வந்தார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம். காய ஒரு ராத்திரி. மறுநாள் பட்டறை முதலாளி எடுவார் மிஷ்லின் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டர்தான், மறுபடி பஞ்சர். வேறொருவராக இருந்தால் தலையிலடித்துக்கொண்டு போயிருப்பார். எடுவாருக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, காற்றில் ஓடுவது சொர்க்கம். இரண்டு, கழற்ற முடியாவிட்டால் அது நரகம்.

1891-ல் கழற்றி மாட்டும் சைக்கிள் டயருக்கு மிஷ்லின் சகோதரர்கள் காப்புரிமை வாங்கினார்கள். அதே செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயம், சுமார் 1,200 கிலோமீட்டர். மிஷ்லின் டயரில் ஓட்டிய சார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து முதலில் வந்தார். வழியில் பஞ்சர் ஆகாமல் இல்லை. ஆனால், கழற்றி மாட்ட முடிந்தது. சங்கதி அதுதான்.

இதற்கிடையில் டன்லப்பின் கம்பெனி என்ன செய்தது? இங்கேதான் வியாபார மூளையைக் கவனிக்க வேண்டும். காற்று டயருக்கு உரிமை போச்சு. சரி, டயரை ரிம்மில் நிறுத்திக் கழற்றும் வித்தைக்கு உரிமை யாரிடம் இருக்கிறது? இரண்டு பேரிடம். இருவருமே 1890-ல் வாங்கியவர்கள். எடின்பரோவில் ரப்பர் கம்பெனி நடத்திய அமெரிக்கர் வில்லியம் பார்ட்லெட், டயர் ஓரத்தில் தடித்த உதடு வைத்து அதை ரிம்மின் வளைவுக்குள் கொக்கி மாதிரி மாட்டினார். இங்கிலாந்தின் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், ஓரத்துக்குள் நீளாத கம்பி வளையம் வைத்து ரிம்மின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம் தோண்டினார். இரண்டையுமே கம்பெனி விலைக்கு வாங்கிப்போட்டது. 1896-ல் அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. மூலக் கண்டுபிடிப்புக்குச் சட்டத்தில் மதிப்பு பூஜ்யம். கழற்றும் வித்தைதான் காசு பண்ணியது. அதற்கு முன்பே கம்பெனியை விட்டு விலகிவிட்ட டன்லப்புக்கு அதில் பெரிய செல்வம் எதுவும் சேரவில்லை.

1894-ல் ஜெர்மனியில் ஹில்டிபிராண்ட், வோல்ஃப்முல்லர் கூட்டணி மோட்டார் சைக்கிளை வரிசையாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தபோதே அதில் காற்று டயர்தான். ஆரம்ப கால பைக்குகளில் பார்ட்லெட்டின் உதட்டு டயர் ஓடியது. அதில் காற்று குறைந்தால் உதடு நழுவிவிடும். 1920-களில் வெல்ச்சின் கம்பியும் பள்ளமும் ஜெயித்தன. உங்கள் வாசலில் நிற்கிற பைக்கின் ரிம்மிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது.

அந்தப் பள்ளம் எதற்கு? வளையல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வளையல் நீளாது. ஆனாலும் கை உள்ளே போகிறது. எப்படி? கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறார்கள். டயரிலும் அதேதான். ஓரத்துக் கம்பி நீளவே நீளாது. எதிர்ப் பக்கத்து ஓரத்தை முழங்காலால் அழுத்தி நடுப்பள்ளத்தில் இறக்கினால், இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் லீவர் வேலை செய்கிறது. முதல் தடவை செய்கிறவர்கள் பள்ளத்தை மறந்துவிட்டு லீவரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வரிசை சுலபம். சக்கரத்தை வண்டியிலிருந்து இறக்குங்கள். வால்வின் ஊசியை எடுத்துக் காற்றை முழுசாக விடுங்கள். இரண்டு பக்க ஓரத்தையும் மிதித்து ரிம்மிலிருந்து பிரியுங்கள். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு பக்கத்தில் லீவர் போடுங்கள். திரும்ப மாட்டும்போது வால்வு பக்கத்திலேயே முடியுங்கள். காரணம், அந்த இடத்தில் பள்ளத்தை வால்வு அடைத்துக்கொண்டிருக்கும். டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றிவிட்டு உள்ளே வையுங்கள், லீவரில் சிக்காது. டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். அவ்ளோதான்.

கார்க்காரர்கள் தப்பிக்க 1904-ல் வேறு வழி வந்தது. வேல்ஸில் லனெல்லி என்கிற ஊரின் ஸ்டெப்னி தெருவில் உருவான மாற்றுச் சக்கரம். அந்தத் தெருவின் பெயரைத்தான் நாம் இன்னமும் 'ஸ்டெப்னி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸ்கூட்டரில்கூட ஸ்டெப்னி மாட்டி வந்தது. பைக்கில் அதற்கு இடமில்லை. கழற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நகத்தால் நெம்பினால் பேட்டரி கையில் வந்து விழும். அப்புறம் மெலிதாக்குகிறோம், தண்ணீர் புகாமல் செய்கிறோம் என்று சொல்லிப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். 1888-க்கே திரும்பிப் போனோம். 2023-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விதிவிலக்குகள் தவிர, வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து அமல் என்று தேதியும் குறித்தார்கள்.

எந்தப் பொருளும் ஒருநாள் பஞ்சர் ஆகும். அன்றைக்கு அதைக் கழற்ற முடிந்தால்தான் அது உங்களுடையது. முடியாவிட்டால், காசு கொடுத்தது மட்டும்தான் நீங்கள்.