பினாங்குப் பாட்டுக்காரர்

பம்பாயிலிருந்து வந்த பார்ஸி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து, 1885 வாக்கில் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் மலாய் மொழியில் தொடங்கிய பங்சாவான் நாடகத்திலே, காட்சி மாற்றும் நேரத்தில் ஜனங்கள் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, கதைக்குச் சம்பந்தமில்லாத பாட்டும் ஆட்டமும் நுழைக்கப்பட்டன. இத்தகைய இடைவேளைகளிலும், ஓட்டல் நடனக் கூடங்களிலும், கிராமபோன் தட்டுகளிலுமாக அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் சங்கீதம் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் பழக்கமாயிற்று. 1922-இல் பிறந்த யுரேசியரான ஜிம்மி பாயில் அதில் தேர்ந்து, மலாய் மெட்டுகளைப் பியானோவில் ஜாஸ் நடைக்கு இசைவித்தவர்.

பாட்டை விரும்பிய சமூகம் பாட்டுக்காரரை விரும்பிற்று என்று சொல்வதற்கில்லை. 1938-இல் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவோடு பாடிய கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே, நியூயார்க் லிங்கன் ஓட்டலில் விருந்தினர் ஏறும் மின்தூக்கியில் ஏறலாகாதென்று, சாமான் ஏற்றும் தூக்கிக்கு அனுப்பப்பட்டார். பினாங்கில் நிறபேதம் அவ்வளவு கொடூரமாக இல்லாவிடினும், வாத்தியக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் மனோபாவம் இருக்கத்தான் செய்தது. நம் ஊர்களில் மட்டும் என்ன வாழ்ந்தது?

அந்த மனோபாவத்தை நன்கறிந்தவர் மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ராம்லி. 1929 மார்ச் 22 அன்று பினாங்கில் பிறந்து, தந்தை பெயரின் முதலெழுத்தை நம்மவரைப் போல முன்னால் சூடிக்கொண்ட அவர், ஜப்பானியர் ஆட்சிக் காலப் பள்ளியில் பாடக் கற்று, வயலினும் கிடாரும் பயின்று, 1947-இல் பினாங்கு வானொலிப் போட்டியில் வடமலாயாவின் முதற்பாடகரானார். மறு வருஷம் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்ட டைரக்டர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். 1950-இல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர்.

1962-இல் ராம்லியே இயக்கி நடித்த ‘இபு மெர்த்துவாக்கு’வில், மாப்பிள்ளை சாக்ஸபோன் வாசிப்பவன் என்றறிந்த பணக்கார மாமியார் மகளையே தள்ளிவைக்க, தம்பதி பினாங்குக்கு வந்து சேர்கின்றனர், வாத்தியத்தை விட்டு அவன் கூலிவேலை செய்கிறான், பிரசவத்துக்கென்று மகளை அழைத்துப்போன மாமியார் அவள் இறந்தாளெனப் பொய் சொல்ல, அழுதழுது குருடாகிறான். (திரையில் ஒலிக்கும் சாக்ஸபோன் யூசுப் பி. என்ற வித்வானுடையது.) கதை சற்று மிகையே, ஆனால் அந்த மாமியாரின் அருவருப்பில் மிகை சிறிதுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

1964-இல் கோலாலம்பூர் சென்ற ராம்லியின் படங்கள் எடுபடவில்லை. மின்கிடார்க் குழுக்களில் மயங்கிய இளைஞருக்கு அவருடைய பாட்டு பழசாகிவிட்டது. 1973 மே 29 அன்று மாரடைப்பால் காலமானபோது அவருக்கு 44 வயது. 1959-இல் மறைந்த ஹாலிடேக்கும் அதே வயதுதான். ராம்லி பெயரால் வீதிகளும், பினாங்கு வீட்டில் நினைவில்லமும் பின்னர் ஏற்பட்டன; டான் ஸ்ரீ என்னும் உயர் பட்டத்தை அரசாங்கம் 1990-இல் அளித்தது.