நீர் மாத்திரையின் பூர்வீகம்

ஊரில் அப்பா, அம்மாவின் மாத்திரை டப்பாவில் "நீர் பிரியற மாத்திரை" ஒன்று இருக்கிறதா? அதன் பூர்வீகம் பாதரசம் என்றால் நம்புவீர்களா?

1919, வியன்னா. ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், சிபிலிஸ் நோயாளிப் பெண்ணுக்கு நோவாசுரால் என்ற பாதரச ஊசி போட்டார். ஊசி போட்ட நாட்களில் சிறுநீர் பல மடங்கு! நர்ஸுகள் தினமும் அளந்து எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது (லெட்ஜரோடு வாழும் எனக்கு இதில் தனி சந்தோஷம்). பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இதய நோயாளிகளின் கால் வீக்கத்துக்குப் பாதரச ஊசிகள்தான். விஷம் என்று தெரியும், வேறு வழியில்லை.

1945-ல் ரூஸ்வெல்ட் ரத்த அழுத்தம் எகிறி மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்தார். சரியான மாத்திரை அன்று இல்லை. 1958-ல்தான் மெர்க் கம்பெனியின் குளோரோதயசைடு விற்பனைக்கு வந்தது. வீக்கமும் வடிந்தது, பிரஷரும் இறங்கியது. அடுத்த சில வருஷங்களில் இன்னும் வேகமான லாசிக்ஸ்.

ஒரு சிக்கல். இவை இரண்டும் உப்போடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். குறைந்தால் தசை சோரும், இதயத்துடிப்பு தடுமாறும். வாந்தி, பேதி நாட்களில் ஆபத்து அதிகம். உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். வீக்கம் வடிந்தது என்று தாமாக நிறுத்துவதும் கூடாது. அடுத்த முறை ஊருக்குப் போன் போடும்போது, கடைசியாக எப்போது சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்தார்கள் என்று கேளுங்களேன்.