வலியைக் கேட்டவர் யார்? சப்பிரகமுவத் தோட்டங்களில் வலி மதிப்பீடு: ஒரு மறுவாசிப்பு

வலியை ஒருவர் வெளிக்காட்டும் விதத்தை அவருடைய பண்பாடே தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு, மார்க் ஸ்பொரொவ்ஸ்கி 1952 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது. நியூயோர்க்கில் கிங்ஸ்பிரிட்ஜ் முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் இருந்த நோயாளரை அவர் இனவழிப்படி பிரித்து ஆராய்ந்தார். அவர்களில் பெரும்பாலோர் முதுகெலும்பு வட்டு விலகி வலிப்பட்டவர்கள். இத்தாலிய வழியினரும் யூத வழியினரும் வாய்விட்டு அரற்றினார்கள். தலைமுறைகளாக அமெரிக்காவில் வாழ்ந்த பழைய அமெரிக்கரோ, யாருடைய உடலைப் பற்றியோ பேசுவதுபோல வைத்தியரிடம் அடக்கமாக விவரம் சொன்னார்கள். இத்தாலியருக்கு வலி அந்த நேரம் அடங்கினால் போதும். யூதருக்கோ வலி நின்ற பிறகும் அதன் காரணமும் நாளைய நிலையும் கவலையாக இருந்தன. வலிக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் குடும்பம் சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறது என்பது அவருடைய முடிவு. 1969 இல் அதை நூலாகவும் விரித்தார். வைத்தியர் தம் பழக்கத்தை அளவுகோலாக வைத்துப் பிறர் வலியை எடைபோடக் கூடாது என்ற அவருடைய எச்சரிக்கை மதிப்புள்ளது. தாதியர் கல்வியில் அவர் நிலைத்ததும் அதனால்தான். அந்த எச்சரிக்கையோடு எனக்குப் பிணக்கு இல்லை. அவர் தரும் விளக்கம் இலங்கையில் சப்பிரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்குப் பொருந்துமா என்பதே என் கேள்வி.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தொழிலாளரைப் பற்றி இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. தோட்டத்துப் பெண்கள் எந்த வலியையும் பொறுப்பார்கள் என்பது ஒன்று. வேலைக்குப் போகாமல் தப்ப இல்லாத வலியையும் சொல்வார்கள் என்பது மற்றது. ஒரே மக்கள், ஒரே லயக் குடியிருப்பு, ஒரே வளர்ப்பு. சிறுவயதுப் பழக்கம்தான் காரணமென்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் விளைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நிலைக்க வேண்டுமானால், வலியைச் சொல்பவரைவிட அதைக் கேட்பவரின் இடத்திலேயே காரணம் இருக்க வேண்டும். இதற்கான திறவுகோல் ஸ்பொரொவ்ஸ்கியின் கையிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு. இத்தாலிய ஆண்கள் வைத்தியசாலையில் அரற்றினாலும் வீட்டில் அடக்கிக்கொண்டார்கள், குடும்பத்தலைவன் என்ற நிலை அவர்களைக் கட்டுப்படுத்தியது என்று அவரே குறித்திருக்கிறார். கேட்பவர் மாறும்போது வலியின் பேச்சும் மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவரோ இதையும் இத்தாலியப் பண்பாட்டின் ஒரு கூறாகவே கணக்கு வைத்தார். அவருடைய நோயாளர் முன்னாள் படைவீரர்கள். கட்டிலுக்கும் மருந்துக்கும் அரசு பொறுப்பு. ஊனத்துக்கான உதவித்தொகை அவர்கள் பேச்சைப் பாதித்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கும். முனகலுக்கு ஒரு விலை இருந்தால் அந்த விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை.

தோட்டத்தில் அந்த விலை என்னவாக இருந்தது என்பதை அறிய, 1912 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில், தோட்ட அத்தியட்சகரின், அதாவது துரையின், கடமைகளை அடுக்கும் பிரிவைச் சற்று நின்று படிக்க வேண்டும். 1872 இல் தொடங்கிய சட்ட வரிசையில் பிற்பட்டது இது. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமாக வைத்திருப்பது துரையின் முதற்கடமை. தோட்டத்தில் உள்ள எல்லா நோயையும் தாமே தெரிந்துகொண்டு, உடனடி நிவாரணத்துக்குத் தமக்கு நல்லதென்று பட்டதைச் செய்வது அடுத்தது. கடுமையான நோய் அல்லது விபத்து என்றால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைக்க வேண்டும். அந்த அதிகாரி கேட்டால் ஆளை வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு 30 நாள் உணவும் உறைவிடமும் கொடுத்து, வேலைக்குத் தகுதி என்று வைத்தியர் சான்று தந்தாலன்றி அவளை வேலைக்கு அழைக்கக் கூடாது. இதை மனிதாபிமானச் சட்டமாகப் படிப்பவர்கள் உண்டு. முழுத் தவறும் அல்ல. ஆனால் வரிசையைப் பாருங்கள். நோயை முதலில் அறிபவர் துரை. எது கடுமை என்று முடிவு செய்து வைத்தியருக்கு ஆள் அனுப்புபவரும் அவரே. நோயாளி தானே போய்ச் சொல்வதற்கு அந்த அடுக்கில் இடமில்லை. விபத்துக்கு இடம் உண்டு, பிரசவத்துக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடுப்புவலிக்கும் முழங்கால் வலிக்கும் துரையின் மதிப்பீடு ஒன்றே கதி.

இதன் பக்கத்தில் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை வைத்துப் படித்தால் நிலைமை விளங்கும். தகுந்த காரணமின்றி வேலைக்கு வராதிருப்பதையும் வேலை செய்ய மறுப்பதையும் அது சிறைக்குரிய குற்றமாக்கியிருந்தது. அந்தத் தண்டனைப் பிரிவுகள் 1921 இல்தான் நீக்கப்பட்டன. அதாவது 1912 முதல் 1921 வரை ஒன்பது ஆண்டுகள் இரண்டு சட்டங்களும் சேர்ந்தே நடந்தன. ஒருவருடைய நோவு தகுந்த காரணமா என்று தோட்டத்தில் முதலில் முடிவு செய்தவரும், தகுந்த காரணமில்லை என்று வழக்குப் போடக்கூடியவரும் ஒருவரே. எல்லாத் துரைமாரும் அப்படி வழக்குப் போட்டார்கள் என்பது என் வாதம் அல்ல. வழக்கு அரிதாக இருந்திருந்தாலும், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி முன்னால் ‘இடுப்பு நோவுது’ என்று சொல்வது, நோயறிவிப்பாக இருப்பதோடு ஒரு வாக்குமூலமாகவும் ஆகிவிட்டது என்பதே வாதம். வாக்குமூலம் கொடுப்பவர் ஒன்றில் வாயை மூடிக்கொள்வார், அல்லது நம்ப வைப்பதற்காகக் கூட்டிச் சொல்வார். மேலே சொன்ன இரண்டு பேச்சுகளும் பிறந்த இடம் இதுவே.

1921 க்குப் பிறகு சிறைப்பயம் போயிற்று, பேர் போகவில்லை. செக்ரோல் என்ற பதிவேட்டில் முழுக்கூலிக்கு முழுப்பேரா, அரைக்கூலிக்கு அரைப்பேரா என்பதுதான் நாட்கூலி. சப்பிரகமுவவில் இது மேட்டுநிலத் தேயிலைத் தோட்டங்களைவிடக் கூடுதலாகக் கடித்திருக்கும் என்று கருதுகிறேன். களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரியைச் சுற்றியும் றப்பர் பெருமளவு பரவியது. மழை விழுந்த காலையில் பால் வெட்டு இல்லை. சப்பிரகமுவவோ நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. வானமே பல நாட்களைப் பறித்துக்கொள்ளும் இடத்தில், வெயில் அடித்த நாளில் முழங்கால் வலி என்று லயத்தில் இருக்க யாருக்கு மனம் வரும்? இதற்கு நேரடிச் சான்று மெலிது. கூலிமுறையின் தர்க்கத்திலிருந்து பெறும் முடிவு இது. ஆயினும் ‘தமிழ்ப் பெண்ணின் பொறுமை’ என்று எதையும் விளக்கிவிடும் ஒரு சொல்லைவிட இது சோதித்துப் பார்க்கக்கூடியது. தேயிலைப் பக்கமும் றப்பர் பக்கமும் ஒரே வழிவந்த தமிழ்த் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். வலிக்காக மருந்து கேட்டு வந்த நாட்கள், மழைநாள் வேலைநாள் என்று பிரித்துப் பார்க்கையில் இரு இடத்திலும் ஒரே மாதிரி அமைந்தால் நான் தோற்றேன்.

வலியைக் கேட்கும் இடம் துரையிடமிருந்து, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சருக்கு எப்போது மாறியது? இதற்கு ஓர் ஆண்டைச் சொல்வது சரியல்ல. தோட்டம் தன் செலவில் டிஸ்பென்சரி நடத்தினால் மருத்துவ வரியில் சலுகை கிடைத்தது. ஆகவே வசதியுள்ள பெரிய தோட்டங்களில் முன்பும் சிறியவற்றில் பின்பும், சட்டத்தின் தேதிக்குக் காத்திராமல் இந்த மாற்றம் நடந்திருக்கும். டிஸ்பென்சர் நம்பக் கற்றது எதை என்பது அதைவிட முக்கியம். 1934 அக்டோபரில் பரவத் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கியது. நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதாகக் கணிப்பு. அதை ஆராய்ந்த பிரியர்கிளிஃப், கில் ஆகியோரின் அறிக்கைகள் 1935 இல் வந்தன. வெப்பமானியில் ஏறிய பாதரசமும் கைக்குத் தட்டுப்பட்ட வீங்கிய மண்ணீரலும் அந்தக் காலத்தின் சாட்சிகள். உயிர் காத்த சாட்சிகளும்தான். ஆனால் காய்ச்சலுக்கு ஒரு கருவி சாட்சி சொன்னது, வலிக்கு எதுவும் சொல்லவில்லை. அதே 1934 இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை, கை, விரல், கண் என்று இழந்த உறுப்புக்கெல்லாம் உழைப்புத் திறன் இழப்பை நூற்றுவீதத்தில் தருகிறது. வலிக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அபின், மோர்பின் போன்றவற்றை 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. டிஸ்பென்சரின் கையில் இருந்தது குளிசை, மிக்சர், தேய்க்கும் எண்ணெய். வலியைத் துல்லியமாக அறிந்தாலும் அவரால் அதிகம் செய்திருக்க முடியாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான மறுப்பு பிரசவ வலியிலிருந்து வரும். அங்கே 30 நாள் ஓய்வு சட்டப்படி கிடைத்தது. நம்ப வைக்க வேண்டிய தேவையில்லை. கூலிப்பயம்தான் வாயை அடைக்கிறது என்றால் பிரசவத்தில் பெண்கள் தடையின்றி அலற வேண்டும். அங்கும் அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே பண்பாடுதான் காரணம் என்பார்கள். இந்த மறுப்பில் ஒரு பகுதியை ஏற்கிறேன். பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்கும் லயத்தில், மாமியாரும் மருத்துவச்சியும் சூழ்ந்திருக்க, வெட்கமும் வளர்ப்பும் வேலை செய்யும் என்பதை மறுப்பது மூடத்தனம். ஆனால் குளவி கொட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து மலையில் குளவி கலைந்து கொட்டினால், நேற்றுவரை வாய் திறவாத அதே பெண்கள் கூக்குரலிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வீங்கிய முகத்தை யாரும் பொய்யென்று சொல்ல முடியாது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி வந்த கழுத்துவலியோடு அதே பெண் ஆறு மாதம் கழித்து வருகிறாள். வந்து ‘ரெண்டு பெனடோல் குடுங்க’ என்கிறாள், வலி இருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. பண்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றே. வேறுபடுவது, வலியை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பது.

அமெரிக்கத் தாதி மார்கோ மக்காஃபெரி 1968 இல் அந்தச் சுமையை நோயாளியிடமிருந்து எடுத்துவிட முயன்றார். அனுபவிப்பவர் வலி என்று சொன்னால் அது வலி, தாதியின் வேலை அதை நம்புவது என்பது அவர் வகுத்த நெறி. 0 முதல் 10 வரை எண் கேட்கும் அளவுகோலும், 1986 இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்த படிமுறையும் நோயாளி சொல்வார் என்ற எதிர்பார்ப்பில் நிற்கின்றன. சொல்லாதவர் முன்னால் இந்த முறை திகைத்துவிடுகிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020 இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வாய்ச்சொல் வலியை வெளிப்படுத்தும் வழிகளில் ஒன்று மட்டுமே என்று குறிப்பெழுதியது. கரவனெல்லை ஆதார வைத்தியசாலையிலோ இரத்தினபுரி, கேகாலைப் போதனா வைத்தியசாலைகளிலோ கடமை செய்யும் தாதிக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. ‘பத்துக்கு எத்தனை?’ என்று சிங்களத்தில் கேட்டு ‘இரண்டு’ என்று வந்த பதிலை, பல தலைமுறை பெரட்டுக்களத்தில் பழகிய பதிலாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும்போது கேட்பதைவிட எழுந்து நடக்கவைத்தும் இருமவைத்தும் பார்ப்பது நல்லது. கூடை சுமந்து மேட்டில் ஏற முடிகிறதா, பால் வாளி தூக்க முடிகிறதா, குந்தியிருந்து எழ முடிகிறதா என்று வேலையை வைத்துத் தமிழிலேயே கேட்பது அதனினும் நல்லது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு எழுதி வைத்தால்தான் அது மதிப்பீடு. ஒரு தடவை எழுதிய எண் வெறும் பதிவு.

இதெல்லாம் துரைமார் காலத்துக் கதை, 1972 லும் 1975 லும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறி, தொழிற்சங்கங்களும் வலுப்பெற்ற பின் அந்தப் பழைய விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். சிறைத் தண்டனை நீங்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது உண்மை. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது, அந்த முழுப்பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற சண்டையும் கூடவே எழுந்தது. கழுத்துவலியோடு பறிப்பவள் அந்தக் கிலோவை எட்டாவிட்டால் இன்றும் அரைப்பேர்தான். வலி என்று சொல்லி வேலையில் நிற்பவரை முதலில் பார்ப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். அரசு பொறுப்பேற்ற சில தோட்ட வைத்தியசாலைகள் நீங்கலாக, அவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தப் பேரைப் போடும் கம்பனியே.