புயலைப் பின்தொடர்தல்: சென்னை, திருவள்ளூர் கரையின் வரலாறு

புயலைப் பின்தொடர்தல் என்பது புயல், சுழல்காற்று, இடிமழை போன்ற கடும் வானிலை நிகழ்வுகளைத் தேடிச் சென்று பார்ப்பதும், அளப்பதும், படம் எடுப்பதும் ஆகும். அமெரிக்கச் சமவெளிகளில் இது வாகனத்தில் செல்லும் ஒரு துறையாக வளர்ந்தது. வங்கக் கடலோரத்தில், சென்னை முதல் பழவேற்காடு வரையிலான கரையில், இதே வேலை கப்பல் குறிப்பேடு, தந்தி, ரேடார், செயற்கைக்கோள் ஆகியவற்றின் வழியே நடந்தது. புயல் கரைக்கு வருவதற்கு முன் மக்களுக்குக் கிடைக்கும் நேரத்தைக் கூட்டுவதே இக்கரையில் அதன் நோக்கமாக இருந்தது.

சுழல்காற்றும் புயலும்

டொர்னாடோ எனப்படும் சுழல்காற்று பொதுவாகச் சில நூறு மீட்டர் அகலம் உடையது. பெரும்பாலும் சில நிமிடங்களில் மறைந்துவிடும். தொலைவில் நிற்கும் ஒருவர் அதன் முழு உருவத்தையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம். இன்று கிடைக்கும் மிகப் பழைய சுழல்காற்றுப் படங்கள் 1884ஆம் ஆண்டு கான்சாஸ், டகோட்டா பகுதிகளில் எடுக்கப்பட்டவை. டேவிட் ஹோட்லி 1956இல் புயல்களைத் தேடிப் பயணம் செய்யத் தொடங்கினார். 1972 முதல் ஓக்லஹோமாவில் ஆய்வாளர்கள் இதை ஒரு திட்டமாகவே நடத்தினர். 1973 மே 24 அன்று யூனியன் சிட்டியில் ஒரு சுழல்காற்று தோன்றி மறையும் வரை படமாக்கப்பட்டது. அந்தப் படங்களை டாப்ளர் ரேடார் பதிவுகளோடு ஒப்பிட்டதால், சுழல்காற்று தரையைத் தொடுவதற்கு முன்பே மேகத்துக்குள் தெரியும் அடையாளம் கண்டறியப்பட்டது. இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. 2013 மே 31 அன்று எல் ரீனோ சுழல்காற்றில் டிம் சமராஸ் உட்பட மூன்று ஆய்வாளர்கள் உயிரிழந்தனர்.

வங்கக் கடல் புயல் பல நூறு கிலோமீட்டர் பரந்தது. பல நாள்கள் நீடிப்பது. கரையில் நிற்பவருக்கு அதன் உருவம் தெரியாது. மழையும் காற்றும் இருட்டும் மட்டுமே தெரியும். அதனால் விண்ணிலிருந்து படம் எடுக்கும் காலம் வரும்வரை, இங்கு எடுக்கப்பட்ட புயல் படங்கள் பெரும்பாலும் புயல் போன பிறகு எடுக்கப்பட்ட சேதப் படங்களே. தனுஷ்கோடியின் இடிபாடுகளும், 1966 நவம்பர் புயலுக்குப் பின் சென்னைக் கடற்கரையில் தரைதட்டி நின்ற கப்பல்களும் இதற்குச் சான்றுகள்.

கப்பல் குறிப்பேடுகள்

சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை இங்கு வீசிய புயலில் பெரும் சேதமடைந்தது. அந்தக் காலத்தில் புயல் வருவதை அறிய வானத்தின் நிறமும், அலையின் போக்கும், காற்றின் திசை மாற்றமுமே துணை.

1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் கட்டப்பட்டது. 1796 முதல் அங்கு வானிலை அளவுகள் குறிக்கப்பட்டு வந்தன. இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குவதும் நுங்கம்பாக்கத்தில்தான்.

புயலின் உருவத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டியவர்களுள் முக்கியமானவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். அவர் புயலைத் தேடிச் செல்லவில்லை. புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டினார். ஒவ்வொரு கப்பலும் எந்த நேரத்தில் எங்கே இருந்தது, காற்று எந்தத் திசையில் அடித்தது, காற்றழுத்தமானி எவ்வளவு காட்டியது என்பவற்றை வரைபடத்தில் குறித்தார். அப்படிக் குறித்தபோது காற்று ஒரு மையத்தைச் சுற்றுவது தெளிவாயிற்று. சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை அவரே உருவாக்கினார். 1848இல் மாலுமிகளுக்கான கையேட்டை வெளியிட்டார். அதனுடன் காற்றுத் திசைகள் குறிக்கப்பட்ட ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இருந்தன. மாலுமி அதைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, புயலின் மையம் எந்தப் பக்கம் உள்ளது என்று கணித்துக் கப்பலை விலக்கிக்கொள்ளலாம்.

தந்தியும் கூண்டும்

1864 அக்டோபரில் கல்கத்தாவையும், அடுத்த மாதம் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய புயல்கள் பேரழிவை ஏற்படுத்தின. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. சென்னையில் கட்டப்பட்டுவந்த துறைமுகத்தை 1881 நவம்பர் புயல் உடைத்தது. அதை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

இந்த எச்சரிக்கை முறையின் எச்சமே இன்றும் செய்திகளில் கேட்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இது ஏற்றப்படுகிறது. 1, 2 எண்கள் தொலைவில் உள்ள புயலையும், 8 முதல் 10 வரையிலான எண்கள் பெரும் அபாயத்தையும் குறிக்கும். எண் 11 புயலின் வலிமையைக் குறிப்பதில்லை. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். மிக மோசமான நிலையாக அது கடைசியில் வைக்கப்பட்டுள்ளது.

1964 டிசம்பர் 22 இரவில் அந்த நிலை எப்படிப்பட்டது என்பது தெரிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் கடலலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த 100க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தகவல் தொடர்பு அறுந்திருந்ததால் அழிவின் அளவு வெளியுலகுக்குத் தாமதமாகவே தெரிந்தது.

ரேடாரும் செயற்கைக்கோளும்

1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1 செயற்கைக்கோள் மேகங்களை விண்ணிலிருந்து படம் எடுத்து அனுப்பியது. கரையில் நிற்பவருக்குத் தெரியாத புயலின் முழு உருவம் அதன் பிறகே படமாகக் கிடைத்தது. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருந்து இந்தியப் பெருங்கடலைத் தொடர்ந்து கண்காணித்தது.

சென்னைத் துறைமுகத்தில் புயல் கண்டறியும் ரேடார் 1973இலும், டாப்ளர் ரேடார் 2002இலும் அமைந்தன. பழைய ரேடார் மழை எங்கே உள்ளது என்று காட்டியது. டாப்ளர் ரேடார் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, காற்று ரேடாரை நோக்கி வரும் வேகத்தையும் விலகும் வேகத்தையும் காட்டுகிறது. எனினும் புவி வளைந்திருப்பதால், தொலைவில் செல்லச் செல்ல ரேடார் கதிர் உயர்ந்துவிடும். தாழ்ந்த மேகங்கள் தப்பிவிடும். அமெரிக்காவில் 1943 முதல் விமானங்கள் புயலுக்குள் நுழைந்து அளக்கின்றன. வங்கக் கடலில் அத்தகைய வழக்கமான விமான ஆய்வு இல்லாததால், ரேடாரையும் செயற்கைக்கோளையுமே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

திருவள்ளூர் மாவட்டத்தில்

1984 நவம்பர் 14 அன்று ஒரு கடும் புயல் பழவேற்காடு ஏரிக்கு அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா பகுதியில் கரையைக் கடந்தது. பிற்காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலும் டாப்ளர் ரேடார் அமைந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையை நெருங்கி வருவதை ரேடார் படங்களில் பொதுமக்களே பார்த்துக்கொண்டிருந்தனர். வீட்டு மாடியில் மழைமானி வைத்து அளக்கும் ஆர்வலர்களும் இக்காலத்தில் பெருகினர்.

கரையிலிருந்து உள்ளே தள்ளி, சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள செவ்வாப்பேட்டை போன்ற ஊர்களுக்குப் புயல் என்பது காற்றைவிட வெள்ளமாகவே வருகிறது. ஏரிகள் நிரம்புவதும், பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கொசஸ்தலை ஆற்றில் நீர் திறப்பதும் இம்மாவட்ட மக்கள் கவனிக்கும் செய்திகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவில்லை. 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் அதற்கு முன் சென்னைக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்து, சென்னையையும் திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளையும் வெள்ளத்தில் மூழ்கடித்தது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களின் வலைகளிலும் படகுகளிலும் படிந்தது.

புயலின் மையம் எங்கே உள்ளது என்பதைப் பிடிங்டன் கப்பல் குறிப்பேடுகளைத் திரட்டிய பிறகே அறிய முடிந்தது. இன்று அதைக் கைபேசியில் நிமிடக் கணக்கில் அறியலாம். ஆனால் மையப் புள்ளி மட்டும் ஓர் ஊரின் பாதிப்பைச் சொல்லிவிடாது என்பதை மிக்ஜாம் காட்டியது. எவ்வளவு மழை பெய்யும், அந்த நீர் எந்த ஏரி வழியாக எந்தத் தெருவுக்கு வரும், அச்செய்தி அங்குள்ளவருக்கு எப்போது போய்ச் சேரும் என்பனவே இக்கரையில் இனி மேம்பட வேண்டியவை.