பாசிக்கு ஒரு பானை

நாட்றம்பள்ளியில் ஒரு நண்பர் வீட்டுக் கிணற்றடியில் நின்றிருந்தேன். படியில் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. "ஸ்பைருலினா என்று ஒரு பாசியை மாத்திரையாக்கி விற்கிறார்களே, அது இதுதானோ?" என்று கேட்டு வைத்தேன். நண்பரின் தாயார் சிரித்துவிட்டார். "பாசியை அப்புறம் தின்னலாம், முதல்லே தண்ணியைப் பாருப்பா" என்றார்.

அந்தப் பாசியின் சரித்திரமே இதுதான் என்பது அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஸ்பைருலினாவுக்கு நம் கிணற்று நீர் போதாது, காரநீர் வேண்டும். மெக்ஸிகோவின் டெஸ்கோகோ ஏரியிலும், ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பக்கத்துக் குட்டைகளிலும் இயற்கையே அந்தக் காரத்தைக் கரைத்து வைத்தது. ஜனங்கள் பாசியை அள்ளி, உலர்த்தி உண்டார்கள். ஏரியில்லாத ஊரார் என்ன செய்வது? 1966-ல் ஸாரூக் என்பவர் பாரிஸில் ஒரு விதி வகுத்தார். லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா. அதோடு நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு முதலியன. சோடா பாசிக்குக் கரிச்சத்தைத் தருகிறது. அதன் காரம் வேண்டாத உயிர்கள் பலவற்றை அண்டவிடாமல் காவலும் காக்கிறது. நைட்ரஜன் குறைந்தாலோ பச்சை வெளிறும், புரதமும் குறையும்.

ஆனால் அது பணக்கார விதி. 1977-ல் சென்னையில் தோன்றிய முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில், சி. வி. சேஷாத்திரியும் அவர் குழுவினரும் அதை ஏழை வீட்டு முற்றத்துக்கு இறக்கினார்கள். கழுத்துவரை புதைத்த மண்பானை. அதில் சாண எரிவாயுக் கலத்துக் கரைசல், உப்பு, சோடா, பாஸ்பேட், கொஞ்சம் விதைப்பாசி. தினம் மூன்று நான்கு முறை கிளறி, மூன்று நான்கு நாள் வெயில் காட்டினால் கரும்பச்சையாகிவிடும். துணியில் வடிகட்டி, அலசி எடுக்க வேண்டியதுதான். பின்னர் புதுக்கோட்டையில் 5,000 குழந்தைகளுக்குத் தினம் ஒரு கிராம் வீதம் 150 நாள் பாசி கொடுத்தார்கள். வைட்டமின் 'ஏ' குறைவால் கண்ணில் விழும் வெண்திட்டுகள் வெகுவாகக் குறைந்தன என்று அறிவித்தார்கள்.

இவ்வளவு நல்ல பாசிக்கு ஒரு குணம் உண்டு. இரும்பை வாங்கிக்கொள்வது போலவே நீரிலுள்ள ஈயத்தையும் குரோமியத்தையும் உடலில் சேர்த்துக்கொள்ளும். பானைக்குள் போனது குழந்தையின் வயிற்றுக்கும் போகும். குரோமியமோ வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் சரக்கு. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றமே, கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. ஆகவே இந்தப் பிரதேசத்தில் பானை வைக்கிறவர்கள் முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், சோடா பிறகு.

முற்றத்தில் இடம் இருந்தது. வெயிலுக்கும் குறைவில்லை. தாகமாயிருக்கிறது என்றேன். அம்மாள் கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தார்.