டேலியில் வங்கிச் சரிகட்டல்

சிறு நிறுவனங்கள் டேலி மென்பொருளில் வைத்திருக்கும் வங்கிப் பேரேட்டை வங்கி அறிக்கையுடன் ஒப்பிட்டு, வித்தியாசத்தின் காரணத்தைக் காணும் பணி. ஒவ்வொரு பதிவுக்கு எதிரேயும் வங்கியில் தொகை வரவோ பற்றோ ஆன தேதியை இட வேண்டும். தேதி இடாதவை நிலுவையாக நிற்கும்.

தொடக்க இருப்பே ஒத்துவராவிட்டால் இம்மாதப் பதிவுகளில் தேடுவது வீண். முன்பே சரிகட்டிய பழைய பதிவை யாரோ திருத்தியிருக்கலாம், அல்லது அழித்திருக்கலாம். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 5,400க்குப் பதில் 4,500 எனப் பதிந்தால் 900 இடிக்கும். வித்தியாசத்தில் சரிபாதித் தொகை பேரேட்டில் இருந்தால், அது வரவுக்குப் பதில் பற்றில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 17.70 ரூபாய் போன்ற சில்லறைப் பற்றுகள் பெரும்பாலும் விடுபடும். கார்டு விற்பனையில் வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, பல பில்களுக்கும் சேர்த்து ஒரே தொகையாக வரவு வைப்பதுண்டு.

வித்தியாசத்தை 'இதர செலவு' என்று எழுதி மூடுவது பிழையைப் புதைப்பதே. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. இந்தியாவில் காசோலை 3 மாதமே செல்லும். அதைக் கடந்தும் நிலுவையில் நிற்பதை ரத்து செய்து, உரியவருக்குப் புதிதாக வழங்க வேண்டும்.