மக்ரூனுக்கு எந்த மோடு?

போன லீவுக்கு களக்காடு போனப்போ ஆச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: தூத்துக்குடி மக்ரூன். பல் போயாச்சு, வேற எதையும் மெல்ல முடியாது. நானே ஓவன்ல போட்டேன். 180 டிகிரி, ஃபேன் மோடு. மேலே கருகல், உள்ளே பிசுபிசுப்பு.

தப்பு எங்கே? 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர்தான் பிரேசில் முந்திரியையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான் மக்ரூன். அது வேகணும்னு இல்லை, காயணும்.

விறகு போர்மாவில் மோடு ஏது? தணலை வெளியே தள்ளிட்டா, செங்கல்லில் தேங்கின சூடு மெல்ல இறங்கும். முதல் சூட்டில் ரொட்டி, அடுத்து பிஸ்கட், கடைசி இளஞ்சூட்டில் மக்ரூன். வரிசைதான் மோடு!

மறுநாள் 100 டிகிரி, ஃபேன் இல்லாம, ரெண்டு மணி நேரம். ஆச்சி வாயில போட்டுட்டு, "ஏல, கரையுதுல!"ன்னாங்க.